பெரியம்மா வீட்டு மெழுகுத் துணி

அந்தக் குடும்பத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சட்டாம்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவள் தங்கை ஒருத்திக்குத்தான் உண்டு. மற்றவர்கள் அவள் அடுத்த அறைக்குப் போகும்வரை பொறுத்திருந்து சொல்வார்கள். வாசலில் செருப்பு ஜோடியாக நிற்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தக் கூடாது. சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் கழுவியாக வேண்டும். அந்த மூன்றாம் மாடி வீட்டில் சட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது. திரைச்சீலைகளை ஜன்னலுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. ஓரம் ஒரு நூல் கோணினாலும் பிரித்துப் போட்டு மறுபடி தைப்பாள். வாடிக்கையாளர், "பரவாயில்லம்மா, யாரு பாக்கப் போறா?" என்றால், "நான் பாத்துட்டேனே" என்பாள்.

இப்படிப்பட்டவளை ஒரு சாக்கடைக் குழாய் சந்தி சிரிக்க வைத்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் கட்டிடத்தின் பின்முற்றத்தில் தண்ணீர் வடியாமல் தேங்கி, கீழ்வீட்டுச் சமையலறைக்குள் புகுந்துவிட்டது. பிளம்பர் வந்தார். கொக்கிக் கம்பியை விட்டுக் குடைந்து, முழ நீளத்துக்கு எதையோ வெளியே இழுத்துப் போட்டார். மிச்ச உணவின் மேல் சுற்றி வைக்கிறோமே, கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள், அதுதான். எத்தனை மாதத்துத் தாளோ, முறுக்கிக்கொண்டு கயிறாகவே ஆகியிருந்தது. "யாரு வீட்டு சரக்குங்க இது?" என்று பிளம்பர் கேட்டார். கீழ்வீட்டு அம்மாள் குனிந்து பார்த்து, "நூலு ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, கலர் கலரா" என்றாள். அத்தனை தலையும் ஒன்றாக மூன்றாம் மாடியை நோக்கி நிமிர்ந்தது. அவள் வீட்டுக் குப்பை வாளி பால்கனியில்தான் இருந்தது. காற்றடித்த போதெல்லாம் தாள்கள் பறந்து கீழே போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் படியேறி வந்தாள்.

அன்று சாயங்காலமே புதுச் சட்டம் பிறந்தது.

"இனிமே இந்த வீட்ல பிளாஸ்டிக் தாள் கிடையாது" என்றாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து இருட்டுக் குழிக்குள் கிரீஸோடும் கம்பியோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் எதிர்வாதம் பண்ணத் தெம்பு இருக்காது. "சரி" என்றார். கல்யாணம் ஆன நாளாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டவர் அவர்.

கிண்ணத்தின் மேல் தட்டைக் கவிழ்ப்பது, மூடி போட்ட ஸ்டீல் டப்பா, கண்ணாடி ஜாடி, இதெல்லாம் சுலபமாக ஒத்துவந்தது. பாதி வெட்டிய வெள்ளரிக்காயும் ரொட்டித் துண்டுகளும்தான் எதிலும் அடங்கவில்லை. அதற்குத்தான் மெழுகுத் துணி. கடையில் வெட்டி விழும் பருத்தித் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாள். நூல் பிரியாமல் ஓரத்தை நெளிநெளியாக வெட்டினாள். தேன்மெழுகுக் கட்டியைக் கேரட் துருவியில் துருவி, துணிமேல் தூவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். மெழுகு உருகித் துணி முழுக்க ஊறி, ஆறியதும் விறைத்து நின்றது. கைச்சூடு பட்டால் இளகி, கிண்ணத்தின் விளிம்பை அப்படியே கவ்விக்கொண்டது. பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சமையலறைச் சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளில் மாட்டினால் மறுநாளைக்குத் தயார். வெந்நீர் மட்டும் ஆகாது, மெழுகு கழன்றுவிடும். இந்த விவரத்தை அவள் யாரைப் பார்த்தாலும் சொன்னாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரையும் விடவில்லை.

முதல் வாரத்தில் இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த மெழுகு, கணவரின் வெள்ளைச் சட்டை முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது. "இனிமே மழ பேஞ்சாலும் முதுகு நனையாது" என்று சொல்லிவிட்டு அவர் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு மெழுகு வேலைக்கென்று ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியைத் தனியாக ஒதுக்கினாள்.

அவருடைய துணி பழுப்புக் கட்டம் போட்டது, எல்லாவற்றிலும் பெரியது. மத்தியானச் சாப்பாட்டுக்கான ரொட்டி அதில்தான் வேலைக்குப் போகும். ரொட்டிக்கு நடுவே பீனட் பட்டர், அதாவது பாட்டிலில் விற்கிற வேர்க்கடலை விழுது. ஏணிமேல் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சாப்பிட அதை விட்டால் வேறு கிடையாது என்பது அவர் கட்சி.

தங்கை, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அவள் கணவர் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். சனிக்கிழமை கடையில் கூட்டம் நெரியும், பள்ளிக்கூடமும் கிடையாது. அதனால் அவளுடைய ஆறு வயது மகளுக்குச் சனிக்கிழமை முழுக்கப் பெரியம்மா வீடுதான். எதைக் கொடுத்தாலும் ஓரத்திலிருந்து கொறித்துக் கொறித்துத் தின்கிறவள் என்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர்.

சட்டாம்பிள்ளையின் மகன் வேலைக்கென்று தூரதேசம் போனவன், போனில் 'ம்' கொட்டுவதோடு சரி. வாரம் முழுக்க அந்த வீடு துடைத்து வைத்தது போல இருக்கும். சனிக்கிழமை வந்தால் செருப்பு ஒன்று வாசலிலும் இன்னொன்று கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும், ஃபிரிட்ஜ் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளும். சட்டாம்பிள்ளை வாயே திறக்கமாட்டாள். பெரியப்பா துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எந்த மாடி மேடம்?" என்பார். சுண்டெலி உள்ளே ஏறி நின்று, "நூறு!" என்பாள். கதவைச் சாத்தி, அவர் வாயாலேயே லிஃப்ட் போகும் சத்தம் போட்டு, மறுபடி திறப்பார். வந்தது நூறாவது மாடியேதான் என்று சுண்டெலி நம்பினாள். சமையலறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வெள்ளரிக்காய் சீவுவதைவிடப் பெரிய சுகம் சட்டாம்பிள்ளைக்கு அந்த வயதில் எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சுண்டெலிக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பொட்டுப் பட்டாலே உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். இரண்டு வயதில் யாரோ கொடுத்த பிஸ்கட்டால் ஆஸ்பத்திரிவரை போய் மீண்டவள். அதனால் தங்கையின் கைப்பையில் பேனா மாதிரி ஒரு ஊசி எப்போதும் இருக்கும், இன்னொன்று இங்கே ஃபிரிட்ஜ் மேல். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீனட் பட்டர் பாட்டில் பெரியப்பாவின் டூல்ஸ் பைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். சுண்டெலியின் சாப்பாட்டைச் சுற்றி வைப்பதற்கென்றே தங்கை ஒரு பிளாஸ்டிக் தாள் சுருளை வாங்கி, சிவப்பு ரிப்பன் கட்டி, அக்கா வீட்டு இழுப்பறையில் வைத்திருந்தாள். புதுச் சட்டம் வந்தபின் அந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சுருள் அதுதான். சட்டாம்பிள்ளையின் கண்ணை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"அக்கா, அவ சாப்பாட்டுக்கு மட்டும் அந்த ரோல் இருக்கட்டும்" என்றாள் தங்கை. "புதுசா கிழிச்சு, சுத்தி, அப்புறம் தூக்கிப் போட்டுட்டா எனக்கு நிம்மதி."

"அப்போ நான் கழுவற லட்சணத்துல உனக்கு நம்பிக்க இல்ல."

"அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படி? அவளுக்குத் தனித் துணி, தனி ஆணி. தனி சோப்பு வேணும்னாலும் வாங்கிடறேன். அவ சாப்பாட்டத் தவிர ஒரு துரும்பு அதுல படாது. என் பொறுப்பு."

"சட்டாம்பிள்ள தீர்ப்பு சொல்லியாச்சு, இனி அப்பீல் ஏது?" என்று தங்கை சிரித்தாள். சிரித்தாலும், வீட்டுக்குக் கிளம்பும்போது இழுப்பறையை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடினாள். அடுத்த சனிக்கிழமை அக்கா அந்தச் சுருளை, ரிப்பனோடு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சுண்டெலியின் துணி நீலக் கட்டம் போட்டது. மூலையில் சாம்பல் நூலால் ஒரு எலி தைத்திருந்தாள், வால் துணியின் விளிம்புவரை நீண்டிருக்கும். சுண்டெலிக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டியைப் பிரித்து எடுத்ததும் துணியை முகத்தில் வைத்து மூடிக்கொண்டு, "தேன் வாசன பெரியம்மா!" என்பாள். அதை வாங்கி ஆணியில் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொடுத்த வாக்கைச் சட்டாம்பிள்ளை காப்பாற்றினாள். அந்தத் துணி வேறு எதன் மேலும் போகவில்லை. அதைக் கழுவும்போது பாத்திரத் தொட்டியில் வேறு ஒரு ஸ்பூன்கூடக் கிடக்காது. கணவர் தவறிப்போய் அந்த ஆணியில் தன் துண்டை மாட்டியதற்கு அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாதங்கள் போனால் மெழுகு தேயும். துணி தொய்ந்து, மடித்த இடமெல்லாம் வெளுக்கும். அப்போது மறுபடி கொஞ்சம் மெழுகு தூவித் தேய்த்தால் புதுசு போலாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அந்த வேலையில் உட்கார்ந்தாள். மறுநாள் சுண்டெலி வரும்போது எலித் துணி புது வாசனையோடு இருக்க வேண்டும் என்று ஆசை. மேஜைமேல் பட்டர் பேப்பரை விரித்தாள். முதலில் கணவரின் பழுப்புத் துணி, அடுத்து மற்றவை, கடைசியில் நீலத் துணி. ஒவ்வொன்றுக்கும் புதுப் பேப்பர் போட்டால் அதுவும் குப்பைதானே என்று ஒரே பேப்பருக்குள் ஒவ்வொன்றாக வைத்துத் தேய்த்து எடுத்தாள். பேப்பரைக்கூட வீசவில்லை. மடித்து அலமாரி மேல் வைத்தாள், அடுத்த தடவைக்கு ஆகும்.

மறுநாள் விடிந்ததும் கணவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். போன இடத்தில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பினார். வாசல் குழாயடியிலேயே நின்று சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். சுண்டெலியை நூறாவது மாடிக்கு அனுப்பினார். அவளுக்கு ஆப்பிள் தோல் சீவிக் கொடுத்தார். மத்தியானம் சட்டாம்பிள்ளை எலித் துணியைப் பிரித்து ரொட்டியை வைத்தாள். சுண்டெலி வழக்கம்போல முதலில் துணியை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள், பிறகு ரொட்டியை ஓரத்திலிருந்து கொறித்தாள். பாதி தின்றவள் நிறுத்தி, "பெரியம்மா, வாய் அரிக்குது" என்றாள்.

உதடு கண்ணெதிரே வீங்கியது. கழுத்தெல்லாம் தடித்தது. மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சட்டாம்பிள்ளை ஊசியை எடுத்துப் பிள்ளையின் தொடையில் குத்தினாள், அதை மட்டும் அவள் சரியாகச் செய்தாள். கணவர் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு படியில் ஓடினார். ஊருக்கெல்லாம் லிஃப்டைச் சரிபண்ணிக் கொடுக்கிறவர் அன்று லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்தது. வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த தங்கை, கடைச் சீருடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர், "வீட்ல யாராவது கடலை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான் சாப்பிட்டேன்" என்றார் கணவர். "காலைல, வேலை எடத்துல. கை கழுவிட்டுத்தான் வந்தேன். அப்புறம் பாப்பாவுக்கு ஆப்பிள் சீவிக் குடுத்தேன்."

"நல்லா கழுவினீங்களா?"

"கழுவினேன்" என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். வருடக்கணக்காக கிரீஸ் ஏறிய கை, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "கழுவினேன்னுதான் நெனைக்கிறேன்."

தங்கை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது, பழி அவர் தலையில் விழுந்தாயிற்று.

அடுத்த வாரம் நடுவில் ஒருநாள் சட்டாம்பிள்ளை அலமாரி மேலிருந்த பட்டர் பேப்பரை எடுத்தாள். புதிதாக வெட்டிய துணிகளுக்கு மெழுகு போட நினைத்திருந்தாள். விரித்ததும் எண்ணெய்க் கறையாக ஒரு பெரிய சதுரம் தெரிந்தது, பழுப்புத் துணியின் அளவு. அதற்குள்ளேயே ஒரு சின்னச் சதுரம், நெளிநெளி ஓரத்தோடு, நீலத் துணியின் அளவு. மூக்கருகே கொண்டுபோனாள். தேன் வாசனைக்கு அடியில் வேர்க்கடலை வாசனை வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பச்சைத் தண்ணீரில் போகாத கடலை எண்ணெயெல்லாம் பழுப்புத் துணியின் மெழுகிலேயே தங்கியிருக்கிறது. சூடு பட்டதும் மெழுகோடு உருகிப் பேப்பருக்கு வந்து, பேப்பரிலிருந்து பிள்ளையின் துணிக்குள் இறங்கியிருக்கிறது. தனி ஆணி, தனிக் கழுவல் என்று மாதக்கணக்கில் கட்டிக் காத்ததை ஒரு சாயங்காலத்தில் அவளே இஸ்திரி போட்டு ஏற்றிவிட்டாள். அந்தத் துணியைத்தான் பிள்ளை முகத்தில் வைத்து மோந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். அதற்குள் தங்கையே கூப்பிட்டாள்.

"சனிக்கிழம உன்கிட்டதான் வருவேன்னு அடம் பிடிக்கிறாக்கா. எனக்கும் வேற வழி இல்ல. ஆனா மாமா வீட்ல இல்லாம இருந்தா... தப்பா நெனைக்காத. உன் மேல எனக்கு நம்பிக்க இருக்கு. அவருக்குப் பழக்கம் போகாது, வேலைக்குப் போற ஆம்பள, என்னத்தத் தொட்டாரோன்னு எனக்கு உள்ளுக்குள்ள அடிச்சுக்கும்."

"உன் மேல நம்பிக்க இருக்கு" என்ற அந்தச் சொல்தான் சட்டாம்பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது. சொன்னால் சனிக்கிழமை போய்விடும். இன்று வேண்டாம், சுண்டெலி ஒருதரம் வந்து போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள். நீலத் துணியைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். சுண்டெலியின் ரொட்டிக்கென்று ஒரு ஸ்டீல் டப்பாவை ஒதுக்கினாள். பேப்பரை மட்டும் ஏனோ போடவில்லை, பழையபடி மடித்து அலமாரி மேல் வைத்தாள்.

தங்கை கேட்டுக்கொண்டதை மட்டும் கணவரிடம் சொன்னபோது, "அதுக்கென்ன, எனக்கு சனிக்கிழம வேல நெறையக் கெடக்கு" என்றார். அவருக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பீனட் பட்டர் பாட்டிலை அன்றே குப்பையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வேலைவிட்டு வந்ததும் குழாயடியில் நின்று கையைத் தேய்க்க ஆரம்பித்தால் லேசில் வரமாட்டார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெடித்தது. சட்டாம்பிள்ளை அதற்கு மருந்து தடவிவிட்டாள். தடவியபோதும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் ரொட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தங்கை கொண்டுவிடும்போது வீட்டில் இருக்கமாட்டார், அழைத்துப் போன பிறகுதான் வருவார். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டாள். பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர்ச்சாரியில் டைல்ஸ் கடை, அதன் முன்னால் பஸ் நிறுத்தம். அங்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறினால் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்துகொள்வார். தங்கை வரும் பஸ் நேரம் தெரிந்து, அதற்குச் சற்று முன்னால் கடைக்குப் பின்புறம் போய்விடுவார். பார்த்துவிட்டு சட்டாம்பிள்ளை உள்ளே வந்து பிள்ளைக்கு வெள்ளரிக்காய் சீவினாள். மனுஷிதானா இவள் என்று கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும். அவளும் கேட்டுக்கொண்டாள், ஆனாலும் சீவினாள்.

சுண்டெலி அலமாரிக் கதவை அவளே திறந்து உள்ளே நின்றுகொண்டு, "பெரியம்மா, நீங்க சத்தம் போடுங்க" என்றாள். சட்டாம்பிள்ளை வாயால் லிஃப்ட் சத்தம் போட்டுப் பார்த்தாள். "இது மிக்ஸி சத்தம்" என்று சுண்டெலி இறங்கிவிட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம். பால்கனிக் கம்பியில் முகத்தைப் பதித்து நின்றிருந்த சுண்டெலி, "பெரியப்பா!" என்று கத்தினாள். சட்டாம்பிள்ளை பதறி ஓடினாள். பெஞ்சிலிருந்தவர் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, தப்புச் செய்தவர் போல உடனே இறக்கிக்கொண்டார்.

"மேல வாங்க!" என்று சுண்டெலி கத்தினாள். அவர் பஸ் வரும் திசையைக் காட்டினார், பஸ்ஸுக்காக நிற்கிறாராம்.

சுண்டெலி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து, "எல்லா பஸ்ஸும் வந்து வந்து போகுது பெரியம்மா. பெரியப்பா ஒண்ணுலயும் ஏற மாட்டேங்கறாரு. அவருக்கு எந்த பஸ்னு தெரியலையா?" என்று கேட்டாள்.

சட்டாம்பிள்ளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றாள். அங்கே சுண்டெலியின் ஆணி காலியாக இருந்தது.

தங்கை வந்தாள். வழக்கம்போல சட்டாம்பிள்ளை அவளுக்கு டீ வைத்தாள். பிறகு அலமாரி மேலிருந்த பேப்பரை எடுத்து அவள் முன்னால் விரித்தாள். பெரிய சதுரம், உள்ளே சின்னச் சதுரம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. கடைசியில், "என்னைக்குத் தெரியும் உனக்கு?" என்று தங்கை கேட்டபோது, "நீ போன் பண்ணினியே, அன்னைக்கே" என்றாள்.

தங்கையின் டீயில் ஆடை படிந்துவிட்டது.

"மாமா சனிக்கிழம எங்க வேலைக்குப் போறாரு?"

"எங்கயும் போகல. எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்காரு."

தங்கை எழுந்து பால்கனிக்குப் போனாள். பெஞ்ச் காலியாக இருந்தது. அவள் வரும் நேரம் என்று அவர் கடைக்குப் பின்னால் போயிருந்தார். செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கிப் போனாள். சிறிது நேரத்தில் அவர் கையைப் பிடித்து, ஒரு பிள்ளையைக் கூட்டி வருவது போலக் கூட்டி வந்தாள். வாசலிலேயே நின்று அவர் குழாயைப் பார்த்தார். "கழுவ வேண்டாம் மாமா, வாங்க" என்றாள். சுண்டெலி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவரிடமும் எல்லாம் சொல்லியாயிற்று. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கழுவினேன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "ஆனா இவ ஒண்ணும் சொல்லலையா, அதனால என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு."

தங்கை கிளம்பும்போது சட்டாம்பிள்ளை வாசலில் அவள் கையைப் பிடித்தாள். "அந்த ரோலை நானே வாங்கி வெச்சுடறேன்டி. இனிமே அவளுக்குப் புதுத் தாள்தான். இந்த வீட்ல இனி கடல வாசனையே இருக்காது."

"துணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள் தங்கை. "அது யாருக்கும் தோணியிருக்காது, எனக்கும் தோணல. ஆனா மாமா மூணு வாரமா வெயில்ல உக்காந்திருந்தாரே, அப்போ நீ இங்க எனக்கு டீ போட்டுக் குடுத்தியே." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "சனிக்கிழம அவ வருவா. மாமா பாத்துக்கட்டும்."

"நான்?"

"நீ வீட்ல இருந்தா எனக்கு அங்க வேல ஓடாதுக்கா. என்ன நடந்தாலும் சொல்லுவியான்னு தோணிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள் போகட்டும்."

அக்காவைச் சட்டாம்பிள்ளை என்று கேலி பண்ணுகிறவள், அன்று பண்ணவில்லை. அது சட்டாம்பிள்ளைக்கு எப்படி வலித்தது என்று சொல்லி முடியாது.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவள் இழுப்பறையைத் திறந்து, சிவப்பு ரிப்பன் கட்டிய புதுச் சுருள் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டாள். தனக்கு இரண்டு ரொட்டியை மெழுகுத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். கணவர், "போகத்தான் வேணுமா?" என்றார். "சரி" என்றாள். அது பதிலே இல்லை, ஆனால் அவளுக்கு அதற்குமேல் வரவில்லை.

சிமெண்ட் பெஞ்ச் காலையில் குளிர்ந்துதான் இருக்கிறது. பத்து மணிக்குமேல் சுடும், மறுகோடிக்கு நகர வேண்டும். அதை அவள் பால்கனியிலிருந்தே கற்றுக்கொண்டிருந்தாள். மத்தியானம் சுண்டெலி கம்பிக்கு அருகே வந்து நின்றாள், பின்னால் பெரியப்பா. அவள் கையில் ரொட்டி, அதைச் சுற்றிய தாள் வெயிலில் பளபளத்தது. "பெரியம்மா!" என்று கத்தியிருப்பாள், வாய் திறந்தது தெரிந்தது, வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. சட்டாம்பிள்ளை கையைத் தூக்குவதற்குள் ஒரு பஸ் வந்து குறுக்கே நின்று மறைத்துவிட்டது.

"ஏறலையாம்மா?" என்றார் டிரைவர்.

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"போன வாரம்வரைக்கும் இதே எடத்துல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அவரும் ஏற மாட்டாரு."

"அவரு வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள்.

பஸ் நகர்ந்த பிறகு பால்கனியைப் பார்த்தாள். யாரும் இல்லை. சுண்டெலிக்குச் சாப்பாட்டு நேரம், உள்ளே போயிருப்பார்கள்.